ஒழுகியது எங்கே, அடைத்தது எங்கே: சூடோவும் பிகேஎக்ஸெக்கும்

லினக்ஸில் சாதாரணப் பயனர் ஒருவர் கொஞ்ச நேரத்துக்கு ரூட் ஆக வேண்டுமென்றால் அதற்கென்றே சில நிரல்கள் உண்டு. இங்கே பார்க்கும் இரண்டில் மூத்தது சூடோ. 1980 வாக்கில் பஃபலோவில் உள்ள நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பாப் காக்ஷாலும் கிளிஃப் ஸ்பென்சரும் எழுதியது. பல கை மாறி, முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக டாட் மில்லரின் பராமரிப்பில் இருந்துவருகிறது. இளையது பிகேஎக்ஸெக். போல்கிட் என்ற அனுமதிச் சட்டகத்தின் சிறு உறுப்பு, 2009 மே மாதம் பிறந்தது. இரண்டும் சி மொழியில் எழுதப்பட்டவை. இரண்டின் கோப்பிலும் செட்யூஐடி பிட் இருக்கும். அதாவது யார் இயக்கினாலும் நிரல் ரூட்டாகவே ஓடத் தொடங்கும். இவருக்கு அனுமதி உண்டா என்று அதற்குப் பிறகுதான் விசாரிக்கும். அந்த விசாரணை முடிவதற்குள் சில பைட்டுகள் தவறான இடத்தில் விழுந்தால் போதும், கணினி கேட்டவருக்கே சொந்தமாகிவிடும்.

2021 ஜனவரி 26 அன்று குவாலிஸ் நிறுவனத்தின் ஆய்வுக் குழு சூடோவில் அப்படி ஓர் ஓட்டையை அறிவித்தது. பேரன் சமேடிட் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள்; பதிவேட்டு எண் சிவிஇ-2021-3156. ஏறக்குறைய சரியாக ஓராண்டு கழித்து, 2022 ஜனவரி 25 அன்று, அதே குழு பிகேஎக்ஸெக்கில் இன்னொன்றை அறிவித்தது. இதன் பெயர் ப்வன்கிட், எண் சிவிஇ-2021-4034. முதலாவது 2011 ஜூலையில் செய்த ஒரு மாற்றத்தோடு உள்ளே நுழைந்தது. இரண்டாவது நிரலின் முதல் வடிவத்திலேயே இருந்தது. மூலநிரல் யார் வேண்டுமானாலும் படிக்கும்படி திறந்துகிடந்தும் ஒன்று பத்தாண்டுக்குச் சற்றுக் குறைவாகவும் மற்றது பன்னிரண்டு ஆண்டுக்கு மேலாகவும் அப்படியே இருந்திருக்கின்றன. இரண்டுமே கட்டளை வரியில் பயனர் கொடுக்கும் சொற்களைக் கையாளும் இடத்தில்தான் இருந்தன. இரண்டையும் ‘நினைவகப் பிழை’ என்ற ஒரே பெட்டியில் போட்டு மூடிவிடுவது வழக்கம். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் அந்தப் பெட்டி போதாது என்பது தெரிகிறது.

சூடோவை முதலில் எடுத்துக்கொள்வோம். சூடோவிடம் ‘-எஸ்’ கொடுத்தால் கட்டளையை ஒரு ஷெல் வழியாக இயக்கும். அப்போது சூடோவின் முன்பகுதி, ஷெல்லுக்குச் சிறப்புப் பொருள் தரக்கூடிய எழுத்துகளுக்கு முன்னால் ஒரு பேக்ஸ்லாஷ் போட்டு வைக்கிறது. பின்பகுதியான சூடோயர்ஸ் ப்ளகின் விதிகளோடு ஒப்பிடவும் லாக் எழுதவும் பழைய வடிவத்தைக் கேட்கிறது. ஆகவே போட்ட பேக்ஸ்லாஷ்களை நீக்கிக்கொண்டே எல்லாச் சொற்களையும் ஹீப்பில் ஒதுக்கிய ஒரு பஃபரில் வரிசையாக நகலெடுக்கிறது. பஃபரின் அளவு, ஒவ்வொரு சொல்லின் நீளத்தோடும் ஒன்றைக் கூட்டி வந்த மொத்தம். நீக்கும்போது சொற்கள் குறுகத்தானே செய்யும், எனவே இடம் போதும் என்பது கணக்கு.

நகலெடுக்கும் லூப்பில் உள்ள நிபந்தனை இதுதான்: இப்போது நிற்கும் பைட் பேக்ஸ்லாஷாக இருந்து, அடுத்த பைட் இடைவெளி எழுத்தாக இல்லாவிட்டால், பேக்ஸ்லாஷைத் தாண்டிவிடு, பிறகு நிற்கும் பைட்டை நகலெடுத்து அடுத்ததற்குப் போ. பூஜ்யப் பைட்டைக் கண்டால் சொல் முடிந்தது என்று லூப் நிற்கும்.

இப்போது வெறும் ‘\’ என்ற ஒரே எழுத்து ஒரு சொல்லாக வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நினைவகத்தில் இரண்டு பைட்டுகள்: பேக்ஸ்லாஷ், அதற்கடுத்து முடிவைக் குறிக்கும் பூஜ்யம். லூப் பேக்ஸ்லாஷைப் பார்க்கிறது. அடுத்தது பூஜ்யம், பூஜ்யம் இடைவெளி எழுத்து இல்லை. ஆக, பேக்ஸ்லாஷைத் தாண்டுகிறது. பூஜ்யத்தின் மேல் நிற்கிறது, அதை நகலெடுக்கிறது, அதையும் கடந்துவிடுகிறது. முடிவைச் சொல்ல வேண்டிய பைட்டை லூப்பே விழுங்கிவிட்டது. அதற்கடுத்து என்ன இருக்கிறது? சொற்களின் எழுத்துகளைக் கெர்னல் ஒட்டி ஒட்டி அடுக்கியிருப்பதால் அடுத்த சொல் இருக்கும். சொற்கள் தீர்ந்துபோனால் சூழல் மாறிகள் இருக்கும். அவையெல்லாம் கணக்கில் வராத சரக்கு. ஆனாலும் பஃபருக்குள் கொட்டிக்கொண்டே போகும். சூழல் மாறியைப் பயனர்தான் அமைக்கிறார் என்பதால் எத்தனை பைட் வழிய வேண்டும், என்னென்ன பைட் வழிய வேண்டும் என்பது அவர் விருப்பம். மாறியின் கடைசியிலும் ஒரு பேக்ஸ்லாஷ் வைத்தால் பூஜ்யப் பைட்டைக்கூட வேண்டிய இடத்தில் எழுத வைக்கலாம். ஹீப் வழிதலைப் பயன்படுத்த நினைப்பவருக்கு இவ்வளவு வசதி அமைவது அபூர்வம்.

சரி, தனி பேக்ஸ்லாஷ் அந்த லூப்புக்கு எப்படி வந்து சேர்ந்தது? முறைப்படி வரவே முடியாது. முன்பகுதி அதற்கும் ஒரு பேக்ஸ்லாஷ் சேர்த்து இரட்டையாக்கித்தான் அனுப்பும். அந்த நம்பிக்கையில்தான் லூப் எழுதப்பட்டது. சூடோவுக்கு இன்னொரு பெயரும் உண்டு, சூடோஎடிட். ஒரே நிரல், வேறு பெயரில் கூப்பிட்டால் கோப்பைத் திருத்தும் வேலை பார்க்கும். ‘-இ’ கொடுத்துத் திருத்தும் வேலைக்குப் போனால் ‘-எஸ்’ஸைச் சேர்க்க விடாமல் நிரல் தடுத்துவிடும். சூடோஎடிட் என்ற பெயரால் போனால் அந்தத் தடை போட மறந்திருந்தார்கள். முன்பகுதி, ‘இயக்கும் வேலை, ஷெல் வழி’ என்ற இரண்டும் இருந்தால்தான் பேக்ஸ்லாஷ் போடும். பின்பகுதியோ ஷெல் வழியென்றால் திருத்தும் வேலைக்கும் பேக்ஸ்லாஷை நீக்கும். போடும் நிபந்தனைக்கும் நீக்கும் நிபந்தனைக்கும் இடையில் விரலளவு சந்து. அதன் வழியாகத்தான் சூடோயர்ஸ் கோப்பில் பெயரே இல்லாத, ‘நோபடி’ போன்ற அனாமதேயப் பயனர்கூட ரூட்டாகிவிட முடிந்தது.

பிகேஎக்ஸெக்கில் பேக்ஸ்லாஷ் எதுவும் இல்லை. எழுத்தே இல்லாததுதான் அங்கே பிரச்சினை.

சி நிரல் ஒன்று தொடங்கும்போது அதற்கு இரண்டு பொருள்கள் கிடைக்கும்: சொற்களின் எண்ணிக்கை ஆர்க்சி, சொற்களைச் சுட்டும் பாயிண்டர்களின் வரிசை ஆர்க்வி. வரிசையின் பூஜ்யமாவது இடத்தில் நிரலின் பெயர் இருக்கும் என்பது எல்லோரும் பழகிய மரபு. மரபுதான், சட்டம் இல்லை. சி தரநிலை ஆர்க்சி எதிர்ம எண்ணாக இருக்கக் கூடாது என்று மட்டுமே சொல்கிறது; பூஜ்யமாக இருக்கலாம். எக்ஸெக்விஇ என்ற கெர்னல் அழைப்புக்கு வெறும் வரிசை ஒன்றைக் கொடுத்தால் லினக்ஸ் அதையும் மறுக்காமல் நிரலை இயக்கிக்கொண்டிருந்தது.

பிகேஎக்ஸெக் சொற்களை 1 என்ற எண்ணிலிருந்து எண்ணத் தொடங்குகிறது. ஆர்க்சி பூஜ்யமானால் லூப் ஒருமுறைகூட ஓடாது, எண்ணி 1 என்ற இடத்திலேயே நிற்கும். அடுத்த வேலை, அந்த 1ஆம் இடத்தில் இருக்கும் சொல்லை இயக்க வேண்டிய நிரலின் பெயராக எடுத்துக்கொள்வது. வெறும் வரிசையில் 0ஆம் இடம் முடிவைக் குறிக்கும் நல். 1ஆம் இடம் என்று ஒன்று கிடையாது. ஆனால் கெர்னல் ஆர்க்வி வரிசையை ஒட்டியே சூழல் மாறிகளின் வரிசையை அடுக்குகிறது. ஆக 1ஆம் இடம் என்று நிரல் நினைப்பது முதல் சூழல் மாறி. அதோடு நிற்கவில்லை. அந்தப் பெயர் சாய்கோட்டில் தொடங்காவிட்டால் பாத் மாறியில் உள்ள அடைவுகளில் தேடி, முழுப் பாதையைக் கண்டுபிடித்து, அதே 1ஆம் இடத்தில் திருப்பி எழுதுகிறது. ரூட்டாக ஓடும் நிரல் தன் சூழல் மாறி ஒன்றைத் தானே மாற்றி எழுதிக்கொள்கிறது, அதுவும் பயனர் சொன்னபடி.

அதனால் என்ன கெட்டுவிடும்? செட்யூஐடி நிரல் தொடங்கும் முன்பே ஜிலிப்சியின் லோடர் ஆபத்தான சூழல் மாறிகளைக் களைந்துவிடும். எழுத்துக் குறியாக்க மாற்றிகளை எந்த அடைவிலிருந்து ஏற்றுவது என்று சொல்லும் ‘ஜிகான்வ் பாத்’ அவற்றில் ஒன்று. களையெடுப்பு முடிந்த பிறகு பிகேஎக்ஸெக் எழுதுவதால் அந்த மாறி மறுபடி உள்ளே வந்துவிடுகிறது. அந்த மாறியின் பெயரும் சமக்குறியும் கொண்ட ஓர் அடைவை உருவாக்கி வைத்தால் போதும். தேடிக் கண்டுபிடித்த ‘முழுப் பாதை’யே மாறியின் வரையறையாகிவிடும். பிறகு நிரலை ஏதாவது ஒரு பிழைச் செய்தி அச்சிட வைக்க வேண்டும். செய்தியை வேறு எழுத்துக் குறியாக்கத்துக்கு மாற்றப் போகும்போது தாக்குபவர் வைத்த நூலகம் ரூட்டாக ஏறும். அறிவிப்பு வந்த சில மணி நேரத்திலேயே செயல்படும் தாக்குநிரல்கள் வெளியானதற்கு இந்த எளிமைதான் காரணம்.

இங்கே இரண்டும் பிரிகின்றன. சூடோவின் ஓட்டையைப் பயன்படுத்த ஹீப்பில் எது எதற்குப் பக்கத்தில் இருக்கிறது என்று ஆராய்ந்து, மொழி அமைப்பு மாறிகளை மாற்றி மாற்றி அடுக்கைச் சரிசெய்து, முகவரிக் குழப்பங்களோடு மல்லுக்கட்ட வேண்டும். தவறினால் நிரல் உடையும். மாலாக் நிலை கெட்டுவிட்டது என்று ஜிலிப்சி கூச்சலிடும். அந்தக் கூச்சலே ஒரு தடயம். பிகேஎக்ஸெக்கில் எதுவும் உடையாது. படிப்பது, எழுதுவது எல்லாமே நிரலுக்குச் சொந்தமான, முறையாக ஒதுக்கப்பட்ட நினைவகத்தில். அட்ரஸ் சானிடைசரைப் போட்டுக் கம்பைல் செய்தாலும் அது வாய் திறக்காது. ஆர்க்விக்கும் சூழல் வரிசைக்கும் நடுவில் அது வேலி போடுவதில்லை, அந்த அடுக்கு கெர்னல் போட்டது. ஸ்டாக் கேனரி, முகவரிச் சிதறல் எல்லாம் வேடிக்கை பார்க்கும். நினைவகப் பாதுகாப்புக் கருவிகளை அடுக்கிவிட்டால் சி நிரல் பத்திரம் என்று நம்புகிறவர்களுக்கு நான் காட்டுவது பிகேஎக்ஸெக்கைத்தான்.

எனக்கு இன்னொரு ஒற்றுமை கண்ணில் பட்டது. பழுதான இரண்டு இடங்களிலும் ஒரு டைப் காஸ்ட் இருக்கிறது. சூடோவின் நிபந்தனையில், அடுத்த பைட் இடைவெளியா என்று கேட்கும் முன் அதைக் குறியற்ற எழுத்தாக மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். சரியான செயல். எதிர்ம மதிப்புள்ள எழுத்தை அந்தச் சார்புக்குக் கொடுத்தால் விளைவு என்னவென்று தரநிலையே கைவிரித்துவிடும். பிகேஎக்ஸெக்கின் லூப்பில் ஆர்க்சியைக் குறியற்ற முழு எண்ணாக மாற்றி எண்ணியோடு ஒப்பிடுகிறார்கள். குறியுள்ளதையும் குறியற்றதையும் ஒப்பிடாதே என்ற கம்பைலர் எச்சரிக்கையை அடக்கப் போட்டது என்று நினைக்கிறேன், அதுவும் தப்பில்லை. ஓட்டைகளுக்கு இந்த காஸ்ட்கள் காரணமும் இல்லை. எழுதியவர்கள் வகையைப் பற்றி யோசித்தே எழுதியிருக்கிறார்கள் என்பதற்கு அவை சாட்சி. சியின் வகைகளால் சொல்ல முடிந்தது குறி உண்டா இல்லையா, எத்தனை பைட் என்பது மட்டும். ‘இந்தச் சரத்தில் ஏற்கெனவே பேக்ஸ்லாஷ் போட்டாயிற்று’, ‘இந்த வரிசையில் ஒரு சொல்லாவது இருக்கிறது’ என்ற இரண்டு செய்திகளும் நிரலரின் தலைக்குள்தான் இருந்தன. பஃபர் வழிந்ததும் வரிசை தாண்டியதும் கடைசிக் கட்டம். பொய் அதற்கு முன்பே நிரலுக்குள் வந்துவிட்டது.

நினைவகத்தைத் தொடாமலே இதே பொய் கவிழ்த்த உதாரணம் சூடோவிலேயே உண்டு. 2019 அக்டோபரில் 1.8.28 பதிப்பில் திருத்தப்பட்ட பிழை: ‘ரூட்டைத் தவிர யாராக வேண்டுமானாலும் இயக்கலாம்’ என்ற விதி உள்ளவர், பயனர் எண்ணாக -1 என்றோ 4294967295 என்றோ கொடுத்தால் ரூட்டாகவே இயங்க முடிந்தது. பயனர் எண்ணை மாற்றும் கெர்னல் அழைப்புக்கு -1 என்றால் ‘மாற்றாதே’ என்று பொருள். சூடோ ஏற்கெனவே ரூட். மாற்றாமல் விட்டால் ரூட்தான். ஒரே எண் ஓரிடத்தில் ஆள், இன்னோரிடத்தில் கட்டளை. இரண்டுக்கும் சியில் ஒரே வகை.

திருத்தங்களுக்கு வருவோம். சூடோ 1.9.5பி2 பதிப்பில் ஒரே இடத்தில் ஒட்டுப் போட்டுவிட்டு நகரவில்லை. லூப்பில் அடுத்த பைட் பூஜ்யமா என்ற சோதனையைச் சேர்த்தார்கள். அது மட்டுமே வழிதலை நிறுத்திவிடும். அதோடு சூடோஎடிட் என்ற பெயரில் வந்தால் ‘-எஸ்’ஸை மறுக்கச் செய்தார்கள், பின்பகுதியிலும் அதே தடையைத் தனியாக வைத்தார்கள், நீக்கும் நிபந்தனையைப் போடும் நிபந்தனையோடு பொருத்தினார்கள். சந்தை அடைத்ததுதான் என் பார்வையில் உண்மையான திருத்தம். பூஜ்யச் சோதனை கூடுதல் தாழ்ப்பாள். வெறும் பூஜ்யச் சோதனையோடு நின்றிருந்தால் இரு பகுதிகளும் வெவ்வேறு நினைப்பில் தொடர்ந்து பேசிக்கொண்டிருக்கும். அதே ஆண்டில் ஃபஸ்ஸிங் சோதனைகளும் சூடோவின் மூலநிரலில் சேர்ந்தன. பொதுவான ஃபஸ்ஸர் இந்தப் பிழையைப் பிடிக்க வேண்டுமானால் நிரலின் பெயரையும் மாற்றிப் பார்க்க வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள்; உள்ளீட்டை மட்டும் கலைத்துப் போட்டால் சூடோஎடிட் பக்கமே போகாது.

பிகேஎக்ஸெக்கின் பேட்ச் சிறியது. ஆர்க்சி ஒன்றுக்குக் குறைவா, வெளியேறு. இவ்வளவு தாறுமாறாகக் கூப்பிடுகிறவர் நல்லெண்ணத்தில் கூப்பிட மாட்டார், தயவு காட்ட வேண்டாம் என்ற தொனியில் ஒரு குறிப்பும் அருகில் இருக்கிறது. வரிசையில் திருப்பி எழுதும் இடத்தில், அந்த இடம் நல்லாக இருந்தால் எழுதாதே என்று இன்னொரு சோதனை. பேட்ச் வரும்வரை பொறுக்க முடியாதவர்கள் செட்யூஐடி பிட்டையே நீக்கிவிட்டுத் தூங்கப் போனார்கள்.

அதோடு முடிந்திருந்தால் இது பாதித் திருத்தம். வெறும் ஆர்க்வி என்பது பிகேஎக்ஸெக்கின் சொந்தப் பிரச்சினை இல்லையே. அதே மரபை நம்பும் செட்யூஐடி நிரல் எத்தனையோ. 2013லேயே ரயன் மலன் என்ற நிரலர் பிகேஎக்ஸெக் வெறும் வரிசையோடு இயங்கும்போது எல்லை தாண்டுவதைக் கவனித்து எழுதினார். ஒரு பேட்சும் அனுப்பிப் பார்த்தார். தாக்கும் வழி தெரியாததால் விஷயம் ஆறிப்போனது. ஓபன்பிஎஸ்டியின் கெர்னல் வெறும் வரிசையை முன்பே மறுத்துக்கொண்டிருந்தது, அதனால் அங்கே இந்தத் தாக்குதலுக்கு இடமில்லாமல் போனது. ப்வன்கிட் வெடித்த பிறகுதான் லினக்ஸ் அசைந்தது. ஏரியட்னே கோனில் தொடங்கிவைத்த முயற்சியைத் தொடர்ந்து கீஸ் குக் செய்த மாற்றம் 5.18 கெர்னலில் சேர்ந்தது: வரிசை வெறுமையாக வந்தால் கெர்னலே ஒரு வெற்றுச் சரத்தைச் செருகி, ஆர்க்சியை 1 ஆக்கி, பதிவில் ஓர் எச்சரிக்கையும் எழுதும். ஓபன்பிஎஸ்டியைப் போல மறுத்துவிடாததற்குக் காரணம், அப்படிக் கூப்பிட்டுப் பழகிய நிரல்கள் ஏற்கெனவே நடமாட்டத்தில் இருந்தன. அவற்றை உடைக்க லினக்ஸுக்கு மனம் வராது. நேர்த்தி குறைவுதான். ஆனாலும் ‘ஒரு சொல்லாவது இருக்கும்’ என்று பொய்யாக இருந்ததை அந்தச் சில வரிகள் மெய்யாக்கிவிட்டன, எல்லா நிரலுக்கும் ஒரே நாளில். இந்த ஒப்பீட்டில் ஒரு திருத்தத்தைத் தேர்ந்தெடு என்றால் நான் கைகாட்டுவது இதைத்தான். சூடோவின் ஓட்டைக்கு இப்படிப்பட்ட கெர்னல் வைத்தியம் கிடையாது. அது அந்த நிரலின் உள்வீட்டுச் சண்டை.

அந்த உள்வீட்டுக்கு மொழியையே மாற்றுவது இன்னொரு வழி. ஐஎஸ்ஆர்ஜி அமைப்பின் ப்ரோசிமோ திட்டம் 2023இல் சூடோவை ரஸ்டில் புதிதாக எழுதும் சூடோ-ஆர்எஸ்ஸை அறிவித்தது. ட்வீடே கோல்ஃப், ஃபெரஸ் சிஸ்டம்ஸ் நிறுவனங்கள் எழுதின. 2025 அக்டோபரில் வந்த உபுண்டு 25.10இல் அதுவே இயல்பான சூடோ. ரஸ்டில் சரம் தன் நீளத்தைத் தானே சுமக்கும், பூஜ்யப் பைட்டைத் தேடி ஓடாது. நகல் பெறும் வெக்டர் தேவைக்கேற்ப வளரும். பேரன் சமேடிட்டின் கடைசிக் கட்டம் அங்கே நடக்காது. பிகேஎக்ஸெக்கையும் ரஸ்டில் எழுதியிருந்தால் முதல் சொல்லைக் கேட்டபோது ‘இல்லை’ என்ற பதில் வந்திருக்கும், அதைக் கண்டுகொள்ளாமல் போகக் கம்பைலர் விட்டிருக்காது.

ஆனால் முதல் கட்டம்? வேலைகளை பிட் கொடிகளாக வைத்து, அவற்றைக் கூட்டியும் கழித்தும் நிபந்தனை எழுதும் பழக்கத்தை ரஸ்டிலும் அப்படியே எழுதலாம். சந்தும் அப்படியே வரும். சூடோ-ஆர்எஸ்ஸில் இயக்குவது, திருத்துவது, பட்டியலிடுவது ஒவ்வொன்றும் ஒரு ஈனமின் தனி வகை, ஒவ்வொன்றுக்கும் தனி ஆப்ஷன்கள். திருத்தும் வேலைக்குள் ஷெல் கொடி நுழைய இடமே இல்லாதபடி அமைக்க முடிகிறது. பாராட்ட வேண்டியது அந்த வடிவமைப்பை; மொழி அதற்குத் தோதாக இருந்தது. 2023இல் நடந்த தணிக்கையில் சூடோ-ஆர்எஸ்ஸிலும் ஒரு பிழை அகப்பட்டது. பயனர் பெயரில் இரட்டைப் புள்ளியும் சாய்கோடும் கலந்து வந்தால் அமர்வுக் கோப்பின் பாதை வேறெங்கோ போய்விடும். பயனர் பெயரும் கோப்புப் பெயரும் ஒரே சர வகையாக இருந்ததன் விளைவு, 4294967295இன் தூரத்துச் சொந்தம். மூல சூடோவிலும் அது சற்று மிதமாக இருந்தது.

எதிர்த் திசையிலும் ஒரு கதை. 2025 ஜூனில் சி சூடோவில் அறிவிக்கப்பட்ட சிவிஇ-2025-32463இல் ஒரு பைட்கூட வழியவில்லை. 1.9.14 பதிப்பிலிருந்து, ரூட் அடைவை மாற்றும் ஆப்ஷனைக் கொடுத்தால், அனுமதி விசாரிப்பதற்கு முன்பே பயனர் காட்டிய அடைவிலிருந்து பெயர்த் தேடல் அமைப்பைப் படித்து நூலகத்தை ஏற்றியது. சூடோ-ஆர்எஸ் இதிலிருந்து தப்பியதற்கு ரஸ்ட் காரணமில்லை. அந்த ஆப்ஷனையே அவர்கள் எழுதவில்லை. ஓபன்பிஎஸ்டிக்காக டெட் உனாங்ஸ்ட் எழுதி 5.8 பதிப்பில் 2015இல் வந்த டூஆஸ் இதே முடிவை சியிலேயே எடுத்தது: சூடோ செய்வதில் பெரும்பகுதியைச் செய்யாமல் விட்டது.

சிஸ்டம்டி 256 பதிப்பில் 2024இல் வந்த ரன்0 இன்னும் ஒரு படி தள்ளிப் போகிறது. அதில் செட்யூஐடி பிட்டே கிடையாது. கட்டளை, பயனரின் அதிகாரத்தோடு ஓடும் சாதாரண நிரலிலிருந்து சேவை மேலாளருக்குக் கோரிக்கையாகப் போகிறது. மேலாளர் தன் சுத்தமான சூழலில் புதிதாக ஒரு செயல்முறையைத் தொடங்குகிறது. பயனர் அடுக்கிய ஆர்க்வியையும் சூழல் மாறிகளையும் ரூட்டாக உட்கார்ந்து படிக்க வேண்டிய நிலை அங்கே எழுவதில்லை. அனுமதி உண்டா என்று அது கேட்பது போல்கிட்டிடம்தான். பிகேஎக்ஸெக்கை வழியில் தொடாமல்.